வட்டாரத்துக்கு ஒரு செவிலியர் போதாது

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டபோது, ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வரும் என்பதே பெரிதாகப் பேசப்பட்டது. பேசப்பட வேண்டிய சாதனைதான். 2024இல் அதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. அதே திட்டத்தில் அதிகம் பேசப்படாத இன்னொருவர் இருக்கிறார்: படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சைச் செவிலியர். வட்டாரத்துக்கு ஒருவர் என்பதே ஏற்பாடு. தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியங்கள் 388. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பார்த்தால், ஓர் ஒன்றியத்தில் சராசரியாக ஏறத்தாழ 96 ஆயிரம் கிராம மக்கள். அப்போதே மாநிலத்தில் பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். 2031இல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்கிறது மத்திய அரசின் கணிப்பு. ஒரே செவிலியர் இத்தனை வீடுகளுக்கு எப்படிப் போய்ச் சேர்வார்?

மாத்திரை கொடுப்பது சில நிமிட வேலை. பக்கவாதத்தில் விழுந்தவரைப் பார்ப்பது அப்படியல்ல. படுக்கைப் புண் பெரும்பாலும் குதிகாலிலும் முதுகின் அடியில் வால் எலும்புப் பகுதியிலும்தான் தொடங்கும். தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் சிவப்பு மாறாதிருக்கும் கட்டத்திலேயே கண்டுகொண்டால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தே பெரும்பாலும் தடுத்துவிடலாம். தவறவிட்டால் புண் எலும்பு வரை போகும். தோல் உரசாமல் புரட்டுவது எப்படி என்று வீட்டில் இருப்பவருக்குப் பக்கத்தில் நின்று செய்து காட்ட வேண்டும். சிறுநீர்க் குழாயை மாற்ற வேண்டும், மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றப் பழக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வராவிட்டால், நோயாளியைத் தூக்கி வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். உடன் போகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். எப்போதோ ஒருநாள் வந்துபோகும் செவிலியரால் முதல் சிவப்பைப் பார்க்கவே முடியாது.

இதற்கான வழி பக்கத்திலேயே இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் உள்ளிட்டோர் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம் லாப நோக்கற்றது. அதிலிருந்து கிளைத்த பணி மலப்புறத்தில் ஊர் மக்களின் கைக்கு வந்தது: தன்னார்வலர்கள், சிறு நன்கொடைகள், வீடு வீடாகப் போகும் செவிலியர். 2008இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. அதைத் தொடர்ந்து உள்ளாட்சிகள் செவிலியரை நியமித்தன. அங்கே தொண்டு அமைப்புகள் விலகிவிடவில்லை, அரசும் ஒதுங்கி நிற்கவில்லை. நன்கொடையை நம்பி மருத்துவம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். செவிலியரின் சம்பளம் பொதுப்பணத்திலிருந்து வர வேண்டும்; பேச்சுத்துணைக்கும் கைத்துணைக்கும் ஊர்க்காரர்கள் வேண்டும்.

பெருநகரங்களில் தனியார் நிறுவனங்கள் வீட்டுக்கே செவிலியரை அனுப்புகின்றனவே, சந்தையிடமே விட்டுவிடலாமே என்ற வாதமும் உண்டு. முதல் சிக்கல், அந்தக் கட்டணத்தைக் கொடுக்கக்கூடிய குடும்பங்கள் குறைவு. சரி, கட்டணத்தை அரசே கொடுத்தால்? அமெரிக்கா அப்படித்தான் செய்தது. அங்கே மெடிகேர் காப்பீட்டில் வீட்டுச் சிகிச்சை தரும் அமைப்புகளை ஒப்பிட்டு 2014இல் ‘ஹெல்த் அஃபேர்ஸ்’ இதழில் வந்த ஆய்வின்படி, ஒரு நோயாளிக்கு லாப நோக்குள்ள நிறுவனங்களில் ஆன செலவு சுமார் 4,800 டாலர். லாப நோக்கற்றவற்றில் சுமார் 4,100 டாலர். தரத்திலோ லாப நிறுவனங்கள் சற்றுப் பின்தங்கியே இருந்தன. தனியாரிடம் விட்டால் சிக்கனம் வரும் என்ற நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் இல்லை.

அரசிடம் பணம் எங்கே என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. படுக்கைப் புண் முற்றியவரை வாரக்கணக்கில் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதும் அரசின் செலவுதான் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் ஊராட்சிகள் சிறியவை, ஊராட்சிக்கு ஒருவரைக் கேட்பது பொருந்தாது. சமவெளியில் சுமார் 30 ஆயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நெறிமுறை. அங்கே வீடு தேடிச் செல்வதற்கென்றே ஒரு செவிலியரை, ஒப்பந்தத்தில் அல்ல, நிரந்தரமாகவே நியமிக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறினால் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பதே தெரியாமல் போகும். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கு நிதி ஒதுக்க வேண்டும்; அதை நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டும்.