யார் முகத்தில் யார் கை வைப்பது?

விளம்பரப் படங்களும் திருத்தப்பட்ட புகைப்படங்களும் பெண்களின் மனதை என்ன செய்கின்றன என்று நமது இலக்கியக் கூட்டங்களில் பேச்செடுத்தால் ஒரு மெல்லிய சிரிப்பு எழும். அது பம்பாய் நடிகைகளின் பிரச்சினை, உடம்பைக் காட்டிப் பிழைப்பவர்களின் பிரச்சினை, முக்காடிட்ட எங்கள் பெண்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் அந்தச் சிரிப்பின் பொருள். அந்தச் சிரிப்புக்கு எதிராகவே இதை எழுதுகிறேன்.

என் சாச்சியின் மகளுக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கியபோது தரகர் முதலில் கேட்டது போட்டோ. படிப்பைப் பற்றியோ குணத்தைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நான்தான் தங்கச்சியைப் பதுளை டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனேன். அங்கே வேலை செய்த பொடியன் என்னிடம் படித்தவன். படத்தை எடுத்துவிட்டுக் கம்பியூட்டரின் முன் உட்கார்ந்தான். மூக்கின் ஓரம் கொஞ்சம் ஒடுங்கியது, தாடை கொஞ்சம் உள்ளே போனது, பிறகு நிறம். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

"என்ன மகன் செய்றீங்க?" என்றேன்.

"சும்மா டீச்சர், எல்லாருக்கும் செய்றதுதான். இதுக்குக் காசி எடுக்கிறல்ல."

நான் தடுக்கவில்லை. தங்கச்சியும் வாய் திறக்கவில்லை. திரையில் இருந்த அந்தப் பெண்ணை அவள் பார்த்த பார்வை மட்டும் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்த உறவுக்காரியைப் பார்ப்பது போல, மரியாதையோடும் கொஞ்சம் பொறாமையோடும் பார்த்தாள்.

வெலிமடைப் பக்கத்திலிருந்து வந்தார்கள். வட்டிலாப்பம் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் உம்மா எழும்பும்போது, "போட்டோவுல வேற மாதிரி இருந்திச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு மூன்று நாள் யாரும் சரியாகப் பேசவில்லை.

செய்தி கேள்விப்பட்ட ஒரு மௌலவி, எங்களுக்குத் தூரத்து உறவு, ஆறுதல் சொல்ல வந்து ஒரு ஹதீஸைச் சொன்னார். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உள்ளே ஈரத்தைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நீங்கள் அறிந்ததே. போட்டோவை மாற்றியதும் அதே மோசடிதான் என்றார் மௌலவி. நான் கேட்டேன்: ஈரம் தானியத்துக்குக் குறை. கருப்பு பெண்ணுக்குக் குறையா? அவர் பதில் சொல்லவில்லை. ஹதீஸில் பிழையில்லை, அதைக் கொண்டு வந்து வைத்த இடத்தில்தான் பிழை. பெண்ணைக் குவியலாக்கி, அவளது நிறத்தை ஈரமாக்கி, அதன் பிறகு நேர்மையைப் பற்றிப் பேசுகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. புருவத்தை மழிப்பவர்களையும் பற்களுக்கிடையே இடைவெளி அராவிக்கொள்பவர்களையும் பற்றி இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பைப் பெண்களுக்கான பயான்களில் கேட்காத வருடமில்லை. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது பற்றிய அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனமும் உடனே வந்து சேரும். சரி. ஆனால் சிவந்த பெண் வேண்டும் என்று தரகரிடம் சொல்லிவிடும் தகப்பன்மாருக்கு அந்த வசனத்தை ஓதிக் காட்டிய பயானை நான் இன்னும் கேட்கவில்லை. புருவத்தில் ஒரு மயிரைப் பிடுங்கியவள் குற்றவாளி, அவளைப் பிடுங்க வைத்தவன் சபையின் முன்வரிசையில். பெண்ணை நேரில் பார்த்து முடிவு செய்ய மார்க்கம் ஆணுக்கு அனுமதி கொடுத்திருக்கும்போது இந்தப் போட்டோ நடுவில் எங்கிருந்து வந்தது என்றும் யாரும் கேட்பதில்லை.

இது கம்பியூட்டரோடு வந்த நோய் என்று நினைப்பவர்களுக்கு நமது ஊவா மலைகளின் கதையையே சொல்லலாம். தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்தது 1890இல். அப்புத்தளைக்கு மேலே தம்பதென்னையை வாங்கினார், அங்கே தொழிற்சாலை கட்டினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ச் சாடிக்கு என்பதுதான் அவர் உலகம் முழுக்க விற்ற பேச்சு. அந்தப் பேச்சோடு ஒரு படமும் போனது: கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண். அதே காலத்தில் ஸ்கோவன், ஸ்கீன், 1890இல் தொடங்கிய பிளாட்டே ஆகிய ஸ்டூடியோக்கள் நமது பெண்களை நிறுத்தி, நகை மாட்டிப் படமெடுத்து வெள்ளைக்காரப் பயணிகளுக்கு விற்றன. அந்தக் காலத்து அஞ்சலட்டைகள் பலவற்றில் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் நிறம் தீட்டினார்கள். அன்று தூரிகை, இன்று கம்பியூட்டர். வேலை ஒன்றுதான்.

அந்தப் படத்துப் பெண் இன்றும் தேயிலைப் பெட்டிகளிலும் உல்லாசப் பயணத் துண்டுப் பிரசுரங்களிலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். சிவப்புச் சேலை, நெற்றியில் பொட்டு, விரலிடுக்கில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். பசறை வீதியில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மலைக்கு ஏறும் பெண் அப்படி இருப்பதில்லை. பழைய சட்டை, மேலே ஆண்பிள்ளையின் கம்பளிச் சட்டை, இடுப்பைச் சுற்றிப் படங்கு, மழையென்றால் தலையில் கொங்காணி. கால்களில் அட்டை கடித்த தழும்பு. கூடைக்கயிறு இழுத்து இழுத்து உச்சந்தலையில் மயிர் கொட்டிய ஒரு கோடு. அந்தக் கோட்டை எந்த விளம்பரத்திலாவது கண்டிருக்கிறீர்களா? விளம்பரத்தில் கயிறு இருக்கும், கயிற்றின் தடம் இருக்காது.

உடம்பின் கதைக்கு வருவோம். இஸ்ரேலில் 2012இல் ஒரு சட்டம் நிறைவேறி அடுத்த வருடம் நடைமுறைக்கு வந்தது. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் 18.5க்குக் குறைந்த மொடல்களை விளம்பரத்தில் போடக்கூடாது, கம்பியூட்டரில் மெலிய வைத்திருந்தால் அதைப் படத்திலேயே சொல்ல வேண்டும் என்பது சட்டம். (அந்த அரசு வேறு உடம்புகளுக்கு என்ன செய்கிறது என்பதை நான் மறக்கவில்லை. சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.) பிரான்ஸில் 2017 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து திருத்திய படத்தின் கீழ் அது திருத்தியது என்று அச்சிட வேண்டும், தவறினால் 37,500 யூரோ வரை தண்டம். நோர்வே 2022இல் இதே வழிக்கு வந்தது. இப்போது நமது நாட்டைப் பாருங்கள். 2006-07 குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி தோட்டத் துறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் அதே 18.5க்குக் கீழே இருந்தாள். பாரிஸில் மேடையேறத் தடுக்கப்படும் மெலிவு இங்கே கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறுகிறது. அங்கே மெலிவை நாகரிகமாக்குகிறார்கள். இங்கே அந்த மெலிவை அழித்துவிட்டு, கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்துத் தேயிலைப் பெட்டியில் ஒட்டுகிறார்கள். இரண்டு இடத்திலும் பொய்தான், எதிர்த்திசைப் பொய்.

லிப்டனின் வியாபாரம் படிப்படியாக யூனிலீவரிடம் போய், 1972இல் முழுமையாக அதன் கைக்கு வந்தது. அதே கம்பனியின் இந்தியக் கிளை 1975இல் பெயார் அன்ட் லவ்லியைக் கொண்டு வந்தது. கருத்த பெண்ணுக்கு வேலையில்லை, மாப்பிள்ளை இல்லை, கிரீம் பூசினால் இரண்டும் உண்டு என்ற அதன் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். இந்தியாவில் ஜனநாயக மாதர் சங்கம் போராடி 2003இல் அவற்றில் சிலவற்றை நிறுத்த வைத்தது. அதே கம்பனிதான் டவ் சவர்க்காரத்துக்காக 2006இல் ஒரு குறும்படம் வெளியிட்டது. சாதாரண முகமொன்றுக்குச் சாயம் பூசி, பிறகு கம்பியூட்டரில் கழுத்தை நீட்டி, கண்ணைப் பெரிதாக்கி வீதியோர விளம்பரமாக்குவதைக் காட்டி, நமது அழகுணர்வு கெட்டுப் போனதில் என்ன ஆச்சரியம் என்று அது கேட்டது. உலகமே கைதட்டியது, பரிசும் கொடுத்தது. கெடுத்த கையும் கண்ணீர் துடைத்த கையும் ஒன்று என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள்? 2020இல் அமெரிக்காவில் கறுப்பு மக்களின் எழுச்சி வந்த பிறகு கிரீமின் பெயரிலிருந்து 'பெயார்' போய் 'குளோ' வந்தது. தேயிலை வியாபாரத்தின் பெரும்பகுதியை அவர்கள் 2022இல் வேறு முதலாளிகளுக்கு விற்றுவிட்டார்கள். ஆனால் சுமார் ஐம்பது வருடங்கள் ஒரே வீடுதான் தம்பதென்னைப் பெண்ணின் படத்தைக் காட்டித் தேயிலையை விற்றது, அவளது மகளுக்கு அவளது நிறத்தைக் கழுவக் கிரீமும் விற்றது.

பெயர் தெரிந்த கிரீமாவது பரவாயில்லை. என் வகுப்பில் தோட்டத்திலிருந்து வந்து படித்த ஒரு பிள்ளை ஒரு நாள் முகம் சிவந்து, கன்னம் உரிந்து வந்தாள். டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். எங்கே செய்தது, யார் செய்தது என்று ஒன்றும் இல்லை, வெள்ளைக்காரியின் படம் மட்டும் இருந்தது. இப்படியான கிரீம்கள் பலவற்றில் இரசம் இருப்பது உலகெங்கும் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். தோலில் கருமை உண்டாவதை இரசம் தடுக்கிறது, பூசுவதை நிறுத்தினால் கருமை திரும்பும், இரசம் சிறுநீரகத்தில் போய் உட்காரும். மினமாட்டா உடன்படிக்கை ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்ற எல்லையை வைத்திருந்தது, 2023இல் அந்தச் சலுகையையும் எடுத்துவிட்டு முற்றாக நிறுத்தத் தீர்மானித்தார்கள். அதே வருடம் ஐ.நா. இதற்கென்று தொடங்கிய திட்டத்தின் மூன்று நாடுகளில் ஒன்று இலங்கை. மற்ற இரண்டும் கபோனும் ஜமெய்க்காவும். நமது நாடு அந்தப் பட்டியலில் சும்மா சேரவில்லை.

ஏன் பூசினாய் என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன். "கருப்பா இருந்தா டவுன் கடையில வேலைக்கு எடுக்க மாட்டாங்க டீச்சர்" என்றாள். டவுனில் உள்ள புடவைக் கடைகள் பலவும் யாருடையவை என்று இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முன் மேசையில் நிற்கும் பிள்ளைகளின் நிறத்தையும் பின்னால் மூட்டை பிரிக்கும் பிள்ளைகளின் நிறத்தையும் அடுத்த முறை போகும்போது பாருங்கள். வெள்ளையனுக்கும் கருப்பனுக்கும் இடையில் மேன்மை இல்லை என்ற இறுதி ஹஜ்ஜின் அறிவிப்பு அந்தக் கடைகளில் சிலவற்றின் கல்லாவுக்கு மேலேயே சட்டமிட்டுத் தொங்குகிறது.

திருத்திய படம் என்று எல்லோருக்கும் தெரியும்தானே, பிறகெப்படிப் பாதிக்கும் என்று ஒரு வாதம் உண்டு. தெரிவது வேறு, மனம் கேட்பது வேறு. பீஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. உடம்பு பெருத்திருப்பதே மதிப்பு என்றிருந்த சமூகம் அது. அந்த வருடம் மெலிவதற்காகச் சாப்பிட்டதை வாந்தியெடுத்ததாகச் சொன்ன பாடசாலைப் பிள்ளை ஒருத்திகூட இல்லை, 1998இல் நூற்றுக்குப் பதினொரு பேர் அப்படிச் சொன்னார்கள். அன் பெக்கர் என்ற ஆய்வாளர் பதிவு செய்தது இது. அவுஸ்திரேலியாவில் மரிகா டிக்மனும் கூட்டாளிகளும் செய்த ஆய்வுகள் இன்னொன்றைச் சொல்கின்றன: திருத்திய படம் என்று கீழே எழுதிவைத்தாலும் பார்ப்பவளின் மனக்குறை குறைவதில்லை. பிரான்ஸின் சட்டத்தை இங்கே கொண்டுவந்தால் போதும் என்று நான் வாதாடாததற்கு அதுதான் காரணம். என் தங்கச்சிக்கு ஸ்டூடியோவில் எல்லாம் தெரியும், அவள் கண்முன்தான் நடந்தது. அதற்குப் பிறகு அவள் குடையில்லாமல் வெயிலில் இறங்குவதில்லை.

எழுதுகிறவர்கள் நாம் என்ன செய்தோம்? மற்றவர்களை விடுங்கள், என்னையே சொல்கிறேன். பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்துப் பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதினேன். அவள் எனக்கு நன்கு தெரிந்தவள், நல்ல கருப்பு, உச்சந்தலையில் கயிற்றின் கோடு உள்ளவள். கதையில் அவளைச் சிவந்த மாநிறமாக்கினேன், கோட்டை எடுத்துவிட்டு நீண்ட கூந்தல் வைத்தேன். வாசகர் அவள்மீது இரக்கப்பட வேண்டுமே! கருத்தவள் அழுதால் இரக்கம் வராதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகவே அறிந்திருந்தேன். கதை பாராட்டப்பட்டது. அந்தப் பெண்ணிடம் நான் அதைக் கொடுக்கவில்லை, வாசித்துக் காட்டவும் இல்லை. ஸ்டூடியோப் பொடியனுக்கு மூன்று நிமிடம் எடுத்ததை நான் கம்பியூட்டர் இல்லாமலே ஒரு வரியில் செய்திருக்கிறேன். நமது கதைகளிலும் கவிதைகளிலும் நிலவு முகங்களை எண்ணிப் பாருங்கள். மலையகச் சிறப்பிதழ் என்றால் அட்டையில் வரும் கொழுந்துக்காரியின் ஓவியத்தையும் பாருங்கள், லிப்டனின் பெட்டியிலிருந்து இறங்கி வந்தவள்தான்.

சஞ்சிகைகள் அந்த அட்டையைப் போடாமல் விடலாம். ஸ்டூடியோக்காரர்கள் கேட்டுவிட்டுக் கை வைக்கலாம், கேட்காமல் வைக்கும் கையைத் தட்டிவிடும் தைரியத்தை என்னைப் போன்ற டீச்சர்மார் முதலில் வளர்த்துக்கொள்ளலாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் தரகர்மாரைக் கூப்பிட்டுப் பேச முடியாதா? சீதனத்தைப் பற்றிப் பேச முடிந்தவர்களுக்கு இது பெரிய காரியமா? இதைக் கேட்பதால் எத்தனை பேர் முகத்தைத் திருப்புவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

தங்கச்சி இப்போது போட்டோ கொடுப்பதில்லை. பார்க்கிறவர்கள் நேரே வந்து பார்க்கட்டும் என்கிறாள். போட்டோ இல்லாமல் கதைக்க ஏலாது என்று தரகர் போய்விட்டார், இரண்டு வருடமாகிறது. அந்தப் பழைய படத்தைக் கிழித்துப் போடச் சொன்னேன். சாச்சி விடவில்லை. வீட்டு உறுதியோடு சேர்த்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். சில நேரம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடமும் நீட்டுவார்: "எவ்வளவு வடிவா ஈக்கிது பாரு."