இரு கதையுலகங்கள் கூடும் இடம்

பழைய தென்னார்க்காட்டுப் பகுதியின் திரௌபதியம்மன் கோயில்கள் பலவற்றில் முத்தால ராவுத்தன் என்னும் இசுலாமியக் காவல் வீரனுக்கும் இடமுண்டு. பாரதக் கதைக்குள் ராவுத்தர் எவ்வாறு வந்தார் என்று ஊரார் வியப்பதில்லை. உமறுப்புலவரும் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடுங்கால், மலையும் மழையும் ஆறும் வயலும் பொலியும் தமிழ் நிலமாகவே அதனைப் படைத்தார். வேறுவேறு உலகங்களை ஒரே கதையில் கூட்டுவது நமக்குப் புதிதன்று.

இன்று அவ்வேலையை வீடியோ விளையாட்டுகளும் செய்கின்றன. அவற்றுள் பெயர்பெற்றது 'கிங்டம் ஹார்ட்ஸ்' என்னும் தொடர். ஜப்பானிய ஸ்கொயர் நிறுவனம், டெட்சுயா நொமுராவின் இயக்கத்தில், 2002இல் இதனைத் தொடங்கியது. சோரா என்னும் சிறுவன் டிஸ்னியின் டொனால்ட், கூஃபி ஆகியோருடன் உலகம் உலகமாகச் செல்கிறான்; 'ஃபைனல் ஃபேண்டசி' விளையாட்டின் வீரர்களையும் வழியில் சந்திக்கிறான். ஆடுபவர் சோராவாகவே நின்று போரிட வேண்டும்.

இதனை விமர்சகர்கள் எவ்வாறு ஏற்றனர்? ஒவ்வாத கூட்டு என்று ஐயுற்றோரும் முதற்பாகத்தைப் பாராட்டினர். யோகோ ஷிமோமுராவின் இசை புகழப்பட்டது. காட்சிக் கோணம் ஆடுபவரைத் தடுமாறச் செய்வதாகக் குறையும் கூறப்பட்டது. 2005இல் வந்த இரண்டாம் பாகத்திற்கு ஜப்பானின் 'ஃபமிட்சு' இதழ் 40க்கு 39 மதிப்பெண் அளித்தது, அமெரிக்காவின் ஐ.ஜி.என். 10க்கு 7.6 மட்டுமே அளித்தது. ஒரே படைப்புக்கு இத்துணை வேறுபாடு எனில், மதிப்பெண் திறனாய்வாகாது என்பது தெளிவு.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான அதே 2019இல் மூன்றாம் பாகம் வெளிவந்தது. போர்முறையையும் காட்சி அழகையும் பலர் போற்றினர். எனினும் இரு குறைகள் நம் சிந்தனைக்குரியன. 'ஃப்ரோசன்' உலகம் திரைப்படக் கதையையே திரும்பச் சொல்கிறது என்பது ஒன்று. முன்கதை பல கருவிகளில் சிதறிக் கிடந்தமையால் புதியவருக்குக் கதை விளங்கவில்லை என்பது மற்றொன்று. இடைப்பட்ட பாகங்கள் கேம்பாய் அட்வான்ஸ், நிண்டெண்டோ டி.எஸ்., பி.எஸ்.பி. எனத் தனித்தனிக் கருவிகளுக்கென வெளிவந்தவை. பின்னர் அவை தொகுப்புகளாக வந்தபோதும் அவற்றையும் விலை கொடுத்தே பெற வேண்டியிருந்தது.

இங்கேதான் நம் கூத்து மேடை நினைவுக்கு வருகிறது. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து என்பது நம் ஊர் வழக்கம். 'கர்ண மோட்சம்' ஆடும் இரவில் முதன்முறையாக வந்தமரும் சிறுவனுக்கும் கட்டியங்காரன் முன்கதையைச் சொல்லிவிடுவான். அதற்கு விலை கிடையாது. கதை ஊரின் பொதுச்சொத்து. கூட்டுக்கதை வெற்றி பெறுவதற்கு இரண்டு வேண்டும் என்று கருதுகிறோம்: வந்து சேரும் உலகம் புதிய மண்ணில் உருமாற வேண்டும், கேட்போர் எல்லார்க்கும் கதைக்குள் நுழைய வாயில் இருக்க வேண்டும். முன்னதற்கு உமறுப்புலவர் சான்று; பின்னதற்குக் கட்டியங்காரன் சான்று. மூன்றாம் பாகத்தை விமர்சகர்கள் குறைகூறியதும் இவ்விரண்டு இடங்களிலேயே.

கல்வராயன் மலையிலிருந்து பேருந்தில் இறங்கிவரும் மாணவர் கையிலும் இன்று கைப்பேசி விளையாட்டு உண்டு. அதனை 'வீண்பொழுது' என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்கிய பொருள் மறைவதில்லை. அதனை எடைபோடும் ஆற்றலே மாணவருக்கு வாய்க்காமற் போகிறது. எது நல்ல கதை, எது பணம் பறிக்கும் கதை என்று பிரித்தறியக் கற்பிப்பது யார் கடமை? தமிழ்த்துறையின் கடமையே என்போம். அளவுகோல் நம்மிடம் உள்ளது. திறனாய்வுத் தாளில் ஒரு வினாவாகவேனும் இவ்விளையாட்டுகள் இடம்பெறட்டும். மாணவர் தாம் ஆடுவதைத் தம் மொழியில் எடைபோட்டு எழுதட்டும்.