கழிவை உணவாக்கும் ஈ

ஈ என்றதும் மக்கள் உள்ளத்தில் எழுவது அருவருப்பே. நோய் பரப்பும் வீட்டு ஈயை ஒழிக்குமாறு பல்லாண்டுகளாக அறிவுரை கேட்டுவந்தவர்களிடம், ஈயை வளர்க்கவேண்டும் என்று கூறின் அவர்கள் நகைப்பர். எனினும் எல்லா ஈக்களும் ஒரு தன்மையன அல்ல. கறுப்புச் சிப்பாய் ஈ என வழங்கும் இனம், நகரங்களில் மலைபோற் குவியும் அழுகற் குப்பையைத் தீவனமாகவும் எருவாகவும் மாற்றித்தர வல்லது. இவ்வாற்றலை நாடு பயன்படுத்திக்கொள்ளல் வேண்டும். ஆனால் அதற்கு முன்னர் ஆற்றவேண்டிய கடமை ஒன்று உண்டு. அதனைச் செய்யாது ஈயை மட்டும் நம்பியிருப்பது வீண்.

அமெரிக்கக் கண்டத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட இவ்வீ, இன்று இந்தியா உள்ளிட்ட வெப்ப நாடுகள் பலவற்றில் பரவியுள்ளது. குளவியைப் போன்று தோன்றினும் இதற்குக் கொடுக்கு இல்லை, கடிப்பதும் இல்லை. வளர்ந்த ஈ, புழுப் பருவத்திற் சேமித்த கொழுப்பைக் கொண்டே சில நாட்கள் உயிர்வாழ்ந்து, முட்டையிட்டு மடிகிறது. உணவு தேடி அலையாமையால், அசுத்தத்தில் அமர்ந்துவிட்டுச் சோற்றில் வந்து மொய்க்கும் வழக்கம் இதற்கு இல்லை. பெண் ஈ சுமார் 500 முட்டைகள் இடும். ஏறத்தாழ நான்கு நாட்களில் வெளிவரும் புழுக்கள், காய்கறிக் கழிவு, பழத்தோல், எஞ்சிய சோறு முதலியவற்றை ஓயாது தின்று, தக்க வெப்பமும் ஈரமும் இருப்பின் சுமார் இரண்டு வாரங்களில் முதிர்கின்றன. முதிர்ந்த புழு கருநிறம் பெற்று, உலர்ந்த இடத்தை நாடித் தானே ஊர்ந்து வெளியேறும். தொட்டியில் ஒரு சரிவுப் பாதை அமைத்துவிட்டால் புழுக்கள் தாமாகவே வாளியில் வந்து விழும்.

உலர்த்திய புழுவின் எடையில் சுமார் 40 சதவீதம் புரதம். ஏறக்குறைய 30 சதவீதம் கொழுப்பு. மீன், இறால், கோழி ஆகியவற்றின் தீவனத்திற்கு இது ஏற்றது. இன்று அத்தீவனத்திற்குப் புரதம் தரும் மீன்தூளுக்காகக் கடலின் சிறு மீன்கள் பெருமளவிற் பிடிக்கப்படுகின்றன. ஏழை மக்களின் உணவாகக்கூடிய மீன் அவ்வாறு அரைபடுவது தகுமா? சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இப்புழுவை இறால் தீவனத்திற் சேர்க்கும் முறைகளை ஆராய்ந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிப் புரதத்தை 2017இல் மீன் தீவனத்திலும், 2021இல் கோழி, பன்றித் தீவனங்களிலும் அனுமதித்தது. புழு தின்று எஞ்சிய கழிவோ, வயலுக்கு எருவாகிறது.

இனி, முதற்கடமை யாது? 2023 மார்ச் மாதம் கொச்சி நகரத்தை அடுத்த பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் மூண்ட தீ, பத்து நாட்களுக்கு மேலாக அந்நகர மக்களை நச்சுப்புகையில் ஆழ்த்தியது. பின்னர் அவ்விடத்திலேயே இவ்வீயைக் கொண்டு உயிரிக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைகள் நிறுவப்பட்டன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அத்தகைய தீக்கு இரையாவது, பிளாஸ்டிக்கும் அழுகற் பொருளும் ஒன்றாய்க் கொட்டப்பட்ட குவியல் என்பதை மறத்தலாகாது. பிளாஸ்டிக்கைப் புழு செரிப்பதில்லை. மேலும், கழிவிற் கலந்த காட்மியம் போன்ற நச்சு உலோகம் புழுவின் உடலிற் சேர்கிறது. அப்புழுவை மீன் தின்ன, அம்மீனை மனிதன் உண்ண, குப்பையில் எறிந்த நஞ்சு உண்கலத்திற்கே திரும்பி வரும். ஆகவே, குப்பையை வீட்டு வாயிலிலேயே பிரித்து வாங்காத நகராட்சிக்கு இவ்வீயாற் பயன் இல்லை; கேடும் விளையலாம். ஐரோப்பிய ஒன்றியம் சமையற் கழிவைத் தீவனப் பூச்சிகளுக்கு இடுவதைத் தடைசெய்திருப்பதும் கால்நடை நோய் பரவலாம் என்னும் எச்சரிக்கையினாலேயே.

கம்போஸ்ட் முறையும் எரிவாயுக் கலனும் இருக்க, ஈ எதற்கு என்று சிலர் வினவுவர். மட்கிய உரம் பக்குவமடையச் சில மாதங்கள் ஆகும். புழுவிற்குச் சில வாரங்கள் போதும். ஆயினும் வைக்கோல், சருகு, குச்சி ஆகியவற்றைப் புழு எளிதிற் செரிப்பதில்லை. அவற்றிற்குக் கம்போஸ்ட் குழியே தக்கது. எனவே ஒன்று மற்றொன்றிற்குப் பகை அன்று, துணையே. உண்ணத்தக்க எஞ்சிய உணவு மனிதருக்கும் கால்நடைக்கும் சென்ற பின்னரே, எஞ்சியது புழுவிற்குச் சேர வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று.

ஆதலின் காய்கறிச் சந்தை, பழ மண்டி போன்று ஒரே வகைக் கழிவு தூய்மையாகக் கிடைக்கும் இடங்களில் இம்முயற்சியைத் தொடங்குவது அறிவுடைமை. தீவனமாகும் புழுவை நச்சு உலோகங்களுக்காகச் சோதித்தல் கட்டாயமாக்கப்படல் வேண்டும். ஆலையிற் பணிபுரிவோருக்குக் கையுறையும் முகமூடியும் நியாயமான ஊதியமும் உறுதி செய்யப்படல் வேண்டும். இவற்றைச் செய்தால், குப்பைமேட்டில் அழுகி மீத்தேன் வாயுவாகும் பொருள், உழவனின் வயலுக்கும் மீன்குளத்திற்கும் செல்வமாகத் திரும்பும். சிற்றுயிர் தன் பணியைத் தவறாது செய்யும்; மனிதனும் தன் பணியைச் செய்தல் வேண்டும்.