ஆசிரியரின் கோரிக்கையை நிராகரிக்கும் வேலை கம்ப்யூட்டருக்கு வேண்டாம்

கம்ப்யூட்டர் வாங்கி, இண்டர்நெட் இணைப்பும் எடுத்தவுடன் நாம் சந்திக்கும் தளங்களில் பாதி நம்மிடம் எதையாவது விற்க வந்தவை. மீதியில் சில நம்மிடம் நன்கொடை கேட்கின்றன. நன்கொடை கேட்கும் தளங்களில் எதை நம்பலாம், எதை விடலாம் என்பது புதியவர்களுக்கு எப்போதும் குழப்பம்தான். இதே குழப்பம் அந்தத் தளங்களை நடத்துபவர்களுக்கும் உண்டு. ஆயிரக்கணக்கில் வரும் கோரிக்கைகளில் எதை அனுமதிப்பது என்பதை கம்ப்யூட்டர் புரோகிராமிடமே விட்டுவிடலாமா? மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் தெளிவான ஒரு கருத்து உண்டு. அதற்கு முன், தளம் எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம்.

டோனர்ஸ்சூஸ் என்பது என்ன?

அமெரிக்காவில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்த சார்லஸ் பெஸ்ட், 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தளம் டோனர்ஸ்சூஸ். வகுப்பறைக்குத் தேவையான புத்தகம், வண்ணப் பென்சில், அறிவியல் கருவி போன்றவற்றை வாங்க வழியில்லாமல் ஆசிரியர்கள் ஓய்வறையில் பேசிக் கொண்டிருந்ததுதான் இதற்கு வித்து. அரசுப் பள்ளி ஆசிரியர் தனக்கு வேண்டிய பொருட்களைப் பட்டியலிட்டு, ஏன் வேண்டும் என்று எழுதி அனுப்புகிறார். படிப்பவர்கள் தங்களுக்குப் பிடித்த கோரிக்கையைத் தேர்ந்தெடுத்து, இயன்ற தொகையைத் தருகிறார்கள். இதுவரை இப்படித் திரண்ட தொகை 100 கோடி டாலருக்கும் மேல்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பணம் ஆசிரியர் கைக்குப் போவதில்லை. முழுத் தொகை சேர்ந்ததும், தளமே பொருட்களை வாங்கிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறது. நான்கு மாதங்களுக்குள் தொகை சேராவிட்டால் கோரிக்கை காலாவதியாகும். கொடுத்தவர் தன் தொகையை வேறொரு கோரிக்கைக்கு மாற்றிக் கொள்ளலாம். ஆகவே யாரோ ஒருவர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போவார் என்ற பயம் இங்கே பெரிதல்ல. உண்மையான கேள்வி வேறு: எந்தக் கோரிக்கை தளத்தில் இடம்பெறும், எது இடம்பெறாது?

2018இல் நடந்த போட்டி

ஆசிரியர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும், தளத்தில் இடும் முன் தன்னார்வலர்கள் படித்துப் பார்த்து வந்தார்கள். கோரிக்கைகள் பெருகின. அடுத்த ஓர் ஆண்டில் ஏறக்குறைய 5 லட்சம் கோரிக்கைகள் வரும் என்று 2018இல் தளத்தினர் எதிர்பார்த்தார்கள். இத்தனையையும் மனிதர்கள் படிப்பது கடினம். ஒரு தன்னார்வலர் அனுமதிப்பதை இன்னொருவர் மறுக்கும் வாய்ப்பும் உண்டு. எனவே காகிள் என்ற தளத்தின் மூலம் ஒரு போட்டியை அறிவித்தார்கள். பழைய கோரிக்கைகளையும், அவற்றின் முடிவுகளையும் தருகிறோம். புதிய கோரிக்கை அனுமதி பெறுமா என்று கணிக்கும் புரோகிராமை எழுதுங்கள் என்பதே போட்டி. மனிதர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டிய கோரிக்கைகளை முன்கூட்டியே பிரித்துத் தருவது இதன் நோக்கம். நோக்கத்தில் தவறில்லை.

போட்டிக்குத் தரப்பட்ட பைலில் 1,82,080 கோரிக்கைகள் இருந்தன. அவற்றில் சுமார் 85 விழுக்காடு அனுமதிக்கப்பட்டவை. இந்த எண்ணைச் சற்று யோசித்துப் பாருங்கள். எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று சொல்லும் ஒரு சோம்பேறி புரோகிராமை நான் இரண்டு வரியில் எழுதிவிடலாம். அதுவும் 100க்கு 85 முறை சரியாகவே சொல்லும்! ஒரு புரோகிராம் "85 விழுக்காடு துல்லியம்" என்று விளம்பரம் செய்தால், உடனே மயங்க வேண்டாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

போட்டி நடத்தியவர்கள் இதை அறிந்தவர்கள். அதனால் வேறு அளவுகோலை வைத்தார்கள். அனுமதி பெற்ற ஒரு கோரிக்கை, பெறாத ஒரு கோரிக்கை என ஒரு ஜோடியை எடுத்தால், அனுமதி பெற்றதற்குப் புரோகிராம் எத்தனை முறை அதிக மதிப்பெண் தருகிறது என்பதே அந்த அளவு. அதில் சோம்பேறி புரோகிராமுக்கு நாணயத்தைச் சுண்டிப் போட்ட மதிப்பெண்தான் கிடைக்கும்.

புரோகிராமுக்குத் தெரிந்ததும் தெரியாததும்

அளவுகோல் சரி. ஆனால் புரோகிராம் எதைப் பார்த்துக் கற்றுக் கொண்டது? ஆசிரியரின் பெயருக்கு முன் வரும் திருமதி, செல்வி, திரு, டாக்டர் போன்ற அடைமொழி பைலில் இருந்தது. பள்ளி எந்த மாநிலம், எந்த வகுப்பு, எந்தப் பாடம், கோரிக்கையின் தலைப்பு, கட்டுரைகள், பொருட்களின் விலை ஆகியவையும் இருந்தன. ஆனால் அந்தப் பள்ளி எவ்வளவு ஏழைப் பள்ளி என்ற தகவல் இல்லை! 2014இல் இதே தளத்தின் தகவல்களைக் கொண்டு நடந்த வேறொரு போட்டியில், இலவசமாகவோ குறைந்த விலையிலோ மதிய உணவு பெறும் மாணவர்களின் விழுக்காட்டை வைத்துப் பள்ளியின் வறுமை நிலை தரப்பட்டிருந்தது. 2018இல் அடைமொழி இருந்தது, வறுமை நிலை இல்லை.

இன்னொரு தகவலும் பைலில் இருந்தது. இந்த ஆசிரியர் இதற்கு முன் எத்தனை கோரிக்கைகள் அனுப்பியுள்ளார் என்ற எண்ணிக்கை. அதிகம் அனுப்பியவர்களுக்கு அனுமதி கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். இதில் வியப்பில்லை, பழகியவருக்கு எப்படி எழுத வேண்டும் என்று தெரியும். ஆனால் இதைக் கற்றுக் கொள்ளும் புரோகிராம், முதல் முறை எழுதும் ஆசிரியரைச் சந்தேகத்துடன் பார்க்கத் தொடங்கும். அவர் வகுப்பு மாணவர்களின் தேவைக்கும் அந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

விண்ணப்பப் படிவமும் இடையில் மாறியது. 2016 மே மாதத்தின் நடுவில், நான்கு கேள்விகளாக இருந்த கட்டுரைப் பகுதி இரண்டாகச் சுருக்கப்பட்டது. இதைக் கவனிக்காமல் புரோகிராம் எழுதினால், பிந்தைய கோரிக்கைகள் எல்லாம் இரண்டு கட்டுரைகளை எழுதாமல் விட்டது போலத் தோன்றும். கவனமான போட்டியாளர்கள் இதைச் சரி செய்துவிடுவார்கள். ஆனால் யாராவது ஒரு மனிதர் கவனித்தால்தான் உண்டு. கம்ப்யூட்டர் தானாகக் கேட்காது.

எல்லாவற்றையும் விட முக்கியமான குறை, முடிவு தரப்பட்ட விதம். அனுமதி என்றால் 1, இல்லை என்றால் 0. ஏன் மறுக்கப்பட்டது என்ற காரணம் பைலில் இல்லை. பொருளின் எண்ணிக்கை பொருந்தவில்லையா, விளக்கம் போதவில்லையா, அல்லது தன்னார்வலருக்கு அன்று அலுப்பா? மூன்றும் 0 தான். இதிலிருந்து கற்ற புரோகிராம் "இல்லை" என்று சொல்லலாம். எதைத் திருத்தினால் "ஆம்" ஆகும் என்று அதனால் சொல்ல முடியாது.

பிரபலம் வேறு, தேவை வேறு

2014 போட்டியில் கேட்ட கேள்வி இன்னும் வேடிக்கையானது. எந்தக் கோரிக்கை மிகவும் "உற்சாகமூட்டும்" கோரிக்கை என்று கணிக்கச் சொன்னார்கள். அதற்கு அவர்கள் வைத்த நிபந்தனைகளில் சில: முழுத் தொகையும் சேர்ந்திருக்க வேண்டும், ஆசிரியரே அழைத்து வந்த நன்கொடையாளர் ஒருவராவது இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையைப் பாருங்கள். உறவினரும் நண்பர்களும் வசதியாக உள்ள ஆசிரியர் இதில் எளிதாக வெல்வார். ஏழைப் பகுதியில், பணம் தரும் நிலையில் யாரையும் அறியாத ஆசிரியரின் கோரிக்கை, எவ்வளவு அவசியமானாலும் "உற்சாகமூட்டும்" பட்டியலில் சேரவே முடியாது. இது புரோகிராமின் தவறு அல்ல. நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்கிறது.

ஒரு "இல்லை"யின் விலை

மறுக்கப்பட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். 2018 மார்ச்சில் ரிப்பிள் என்ற நிறுவனம் 2 கோடியே 90 லட்சம் டாலர் கொடுத்து, அப்போது தளத்தில் இருந்த 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றியது. அன்று தளத்தில் இடம்பெற்றிருந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொருள் கிடைத்தது. அனுமதி பெறாமல் வெளியே நின்ற கோரிக்கைக்கு ஒன்றும் இல்லை. ஆக, வாசலில் சொல்லும் "இல்லை", மற்ற எல்லா முடிவுகளையும் விடக் கனமானது. போட்டிப் பைலில் மட்டும் அப்படிப்பட்ட "இல்லை"கள் 27 ஆயிரத்துக்கும் மேல்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லாவற்றையும் மனிதரே படிக்க வேண்டும் என்றால், பள்ளி திறக்கும்போது கேட்ட புத்தகம் அரையாண்டு முடிந்த பிறகே வரும். தாமதமும் ஒருவகை மறுப்புதான். எனவே புரோகிராமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் கருத்து இதுதான்: தெளிவாக உள்ள கோரிக்கையை உடனே அனுமதிக்கும் வேலையைப் புரோகிராமிடம் தாருங்கள். கூட்டல் சரியா, பட்டியலும் கட்டுரையும் ஒத்துப் போகின்றனவா என்று பார்க்கும் வேலையையும் தாருங்கள். சந்தேகமான கோரிக்கையை அது ஒரு மனிதரிடம் தள்ளட்டும். "இல்லை" என்று சொல்லும் அதிகாரத்தை மட்டும் தராதீர்கள். அதை ஒரு மனிதர், காரணத்தை எழுதி, ஆசிரியர் திருத்தி மீண்டும் அனுப்பும்படி சொல்ல வேண்டும்.

நீங்கள் எப்படிப் படிக்கலாம்?

நன்கொடை கேட்கும் கோரிக்கையை நீங்களே எடை போட, பெரிய கணக்கு தேவையில்லை.

1. பட்டியலை முதலில் படியுங்கள், கட்டுரையைப் பிறகு படியுங்கள். 28 மாணவர்களுக்கு 4 டேப்லட் என்றால், குழுவாகப் பயன்படுத்தும் விதம் கட்டுரையில் இருக்க வேண்டும்.

2. விலையை வேறொரு கடைத் தளத்தில் ஒப்பிடுங்கள். வரி, அனுப்பும் செலவு தனியாகக் காட்டப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

3. உருக்கமான சொற்களைத் தள்ளிவிட்டு, எந்தப் பாடத்துக்கு, எப்படி என்ற பதிலைத் தேடுங்கள்.

4. எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். நீங்கள் கட்டுரைப் போட்டி நடத்தவில்லை.

5. ஏற்கனவே பலர் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத் தகுதியாக எண்ணாதீர்கள். ஒருவரும் கொடுக்காத கோரிக்கையையும் திறந்து படியுங்கள்.

கையில் கம்ப்யூட்டர் இருப்பதால் ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். காகிள் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டால் இத்தகைய போட்டிப் பைல்களைக் காண முடியும். எக்ஸெல் 2007 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள் திறக்கும். அதற்கு முந்தைய பதிப்புகளில் 65,536 வரிசைகள்தான் என்பதால் இந்தப் பைல் முழுமையாக வராது. பைலைத் திறந்ததும், 1 அல்லது 0 உள்ள நெட்டு வரிசையை மறைத்துவிடுங்கள். ஏதாவது 20 கோரிக்கைகளைப் படித்து, உங்கள் முடிவைத் தனியே குறித்துக் கொள்ளுங்கள். பிறகு மறைத்ததைத் திறந்து ஒப்பிடுங்கள். நீங்கள் "ஆம்" என்று எழுதி, அங்கே 0 இருக்கும் இடம் வந்தால் நிறுத்தி, அந்தக் கட்டுரையை மறுமுறை படியுங்கள். அந்த 0க்குப் பின்னால் ஒரு வகுப்பறை முழுக்க மாணவர்கள் இருக்கிறார்கள். அதை எழுதியவருக்குக் காரணம் கேட்கும் உரிமை உண்டா, இல்லையா என்பதை அப்போது நீங்களே சொல்வீர்கள்.