எத்தனை அதிகாரம் வாசிச்சே?

எங்கள் ஹாஸ்டல் ஜெபக்கூட்டத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சடங்கு உண்டு. "இந்த வாரம் தவறாம வேதம் வாசிச்சவங்க கையைத் தூக்குங்க" என்பார் சீனியர் அண்ணன். போன பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் தூக்கினேன். அந்த வாரம் முழுக்க என் பைபிள் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை! பக்கத்தில் இருந்த ரூம்மேட் தூக்கவில்லை. உண்மையைச் சொன்ன அவனுக்கு, "பின்வாங்கிப் போறே தம்பி" என்று பத்து நிமிஷம் புத்திமதி. பொய் சொன்ன எனக்கு ஒரு "ஸ்தோத்திரம்". அடுத்த வாரத்திலிருந்து அவன் கூட்டத்துக்கே வரவில்லை. அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன். யாரும் அடிக்க வராதீங்க.

வருஷத்துக்குள் முழு வேதாகமத்தையும் முடிப்பது என்ற கணக்கைப் பார்ப்போம். 66 புத்தகம், 1,189 அதிகாரம். வார நாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து வாசித்தால் முடிந்துவிடும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஜனவரி கடைசி வாரத்தில் லேவியராகமம் வந்து நிற்கும். பலி, கொழுப்பு, குஷ்டரோகம், காட்டுப்புறா... கூடவே இன்டர்னல் பரீட்சையும் வரும். பத்து நாள் விட்டால் முப்பது அதிகாரத்துக்கு மேல் பாக்கி. பாக்கி வைத்தவன் கடைக்காரர் இருக்கும் தெருவிலேயே நடக்கமாட்டான் இல்லையா? அதேதான் நடக்கிறது. சோம்பேறித்தனம் கொஞ்சம் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் பைபிளைத் திறக்கவிடாமல் தடுப்பது பெரும்பாலும் அந்த வெட்கம்.

இந்த மாதிரி அட்டவணைகளில் பேர்போனது, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மக்ஷேன் 1842-ல் தன் சபைக்காகப் போட்டது. தினம் நாலு அதிகாரம். அதைக் கொடுக்கும்போதே அதில் உள்ள ஆபத்துகளையும் அவரே எழுதியிருக்கிறார். வெறும் சடங்காகிவிடலாம், முடித்துவிட்டோம் என்ற பெருமை வரலாம், சிலருக்குச் சுமக்கமுடியாத பாரமாகலாம் என்று. அட்டவணை நம்மிடம் வந்துசேர்ந்தது, எச்சரிக்கை வழியிலேயே எங்கேயோ விழுந்துவிட்டது.

"நாங்க அதெல்லாம் இல்லப்பா, காலையில வாட்ஸ்அப்ல வர்ற ஒரு வசனம் போதும்" என்கிற கோஷ்டியும் சிரிக்கவேண்டாம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. நமக்காகத் தேவன் நல்ல எதிர்காலம் வைத்திருக்கிறார் என்று கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னால் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைப்பார்களே, அதுதான். அதற்கு முந்தைய வசனத்தை வாசித்தவர்கள் எத்தனை பேர்? அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன ஜனங்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். விடுதலைக்கு எழுபது வருஷம் ஆகும் என்கிறது பத்தாம் வசனம். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் அங்கேயே செத்திருப்பார்கள்! அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைவைத்த அந்த ஊரின் நலனுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்களுக்குப் பிடித்தமாதிரி சொன்னவன் ஒருவன் இருந்தான், அனனியா. முந்தின அதிகாரத்தில் வருகிறான், கள்ளத் தீர்க்கதரிசியாக. நாம் அட்டையைப் படித்துவிட்டு அனனியா பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறோம். வீட்டை விட்டு வந்து ஹாஸ்டலில் கிடப்பவனுக்கு அந்தக் கடிதம் முழுசாகத்தான் பேசும், ஒரு வரியாக அல்ல.

"அப்போ ஒழுங்கே வேண்டாமா?" என்பார்கள். வேண்டும் சாமி. நேரத்துக்கு ஒழுங்கு வேண்டும், எண்ணிக்கைக்கு வேண்டாம். மெஸ்ஸில் டீ குடித்துவிட்டு, பாத்ரூம் வரிசை குறையும்வரை பதினைந்து நிமிஷம். ஒரு புத்தகத்தை எடுத்தால் அதை முடிக்கிறவரை அதே புத்தகம். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், அதில் ஆரம்பித்தேன். ஒரு நாள் விட்டால் விட்டதுதான், மறுநாள் இரட்டிப்பாக வாசிப்பதில்லை. போன மாதம் ஒன்பது நாள் விட்டேன். ஆனாலும் பத்தாவது நாள் திறக்க முடிந்தது. பாக்கி என்று எதுவும் இல்லையே.

கை தூக்கச் சொல்வதை நிறுத்துங்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்றார். மூன்று வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது, பதில் இல்லை. நான் தூக்குவதில்லை. அன்றைக்குப் பொய்தான் சொன்னேன் என்று ரூம்மேட்டிடமும் ஒத்துக்கொண்டேன். "தெரியும்டா, அந்த வாரம் பூரா உன் பெட்டி மேலதானே என் அழுக்குத்துணி கிடந்துச்சு" என்றான்.