குடும்பக் கணக்கு: கூரைமேல் விளையும் மின்சாரம்

கோடை பிறந்தால் தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில் இரண்டு கவலைகள் கூடவே பிறக்கின்றன. ஒன்று வெயில்; மற்றொன்று மின்சாரப் பட்டியல். அந்த வெயிலையே வேலை வாங்கிப் பட்டியலைக் குறைத்துக்கொள்ளலாம் என்று இப்போது வீடுதோறும் வந்து சொல்லிப் போகிறார்கள், சோலார் தகடு விற்பவர்கள். மாடியில் தகடு பொருத்தலாமா, எத்தனை பொருத்துவது, பாட்டரி வேண்டுமா, இங்கே வைப்பதா ஊரில் வைப்பதா என்று நேயர்கள் பலர் கேட்டு வருகிறார்கள். இம்மாதம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ‘இலவசம்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டத்துக்குப் ‘பிரதம மந்திரி சூர்ய கர் – முஃப்த் பிஜ்லி யோஜனா’ என்று பெயர். ‘முஃப்த் பிஜ்லி’ என்றால் இலவச மின்சாரம். பெயரைக் கேட்டுத் தகடுகளே இலவசமாக வரும் என்று எண்ணிக்கொண்டவர்கள் உண்டு. அவ்வாறு அன்று. தகடுகளை நாம் விலை கொடுத்தே வாங்குகிறோம். அரசு உதவித்தொகை தருகிறது. பிறகு கூரையில் விளையும் மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், ஆக மொத்தம் 78,000 ரூபாய். மூன்றுக்கு மேல் எத்தனை பொருத்தினாலும் உதவித்தொகை அதே 78,000தான். 2025-இல் டில்லி அரசு தன் பங்காக மேலும் 30,000 ரூபாய் வரை தருவதாக அறிவித்தது. குருகிராம், நொய்டா அன்பர்களுக்கு அவரவர் மாநில விதிகள் வேறு. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியைக் கேட்டறிந்துகொள்வது நலம்.

பட்டியலிலிருந்து தொடங்குக

தகட்டின் தரத்தைப் பற்றியும் இன்வெர்ட்டரின் பெயரைப் பற்றியும் விசாரிக்குமுன், சென்ற பன்னிரண்டு மாதங்களின் மின்சாரப் பட்டியல்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யலாகாது. டில்லியில் ஜூன் மாதத்துச் செலவு ஒரு கதை. நவம்பர் மாதத்துச் செலவு வேறு கதை. பன்னிரண்டையும் கூட்டினால்தான் குடும்பத்தின் உண்மைத் தேவை தெரியும்.

டில்லிச் சூழலில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டொன்றுக்குச் சுமார் 1,350 யூனிட் தரும் என்று கொள்ளலாம். அதற்கு நிழலில்லாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். ஆண்டுக்கு 4,200 யூனிட் செலவிடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கோடையில் இரண்டு ஏ.சி. ஓடும், குளிர்காலத்தில் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். இவர்களுக்கு 3 கிலோவாட் போதும். அது ஏறக்குறைய 4,000 யூனிட் தரும். விலை 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மத்திய அரசின் உதவித்தொகை போகக் கைப்பணம் 1,02,000. மிச்சமாகும் யூனிட் ஒன்றுக்குச் சராசரி 6 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24,000 ரூபாய் மிச்சம். நாலேகால் ஆண்டில் போட்ட பணம் திரும்புகிறது. நல்ல தகடு 25 ஆண்டு உழைக்கும். இடையில் ஒரு முறை இன்வெர்ட்டரை மாற்ற நேரிடும். அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இதே குடும்பத்திடம் விற்பவர், “ஐயா, இடம் இருக்கிறதே, ஐந்தாகப் போட்டுக்கொள்ளுங்கள்” என்பார். விலை 3,00,000 ஆகும். உதவித்தொகை உயராது, கைப்பணம் 2,22,000. விளைச்சல் 6,700 யூனிட்டுக்குமேல். வீட்டுக்கு வேண்டியதோ 4,200. மிஞ்சும் 2,500 யூனிட்டை மின்சாரக் கம்பெனி ஆண்டு முடிவில் எடுத்துக்கொண்டு, மொத்தக் கொள்முதல் விலையை ஒட்டித்தான் பணம் தரும். நாம் செலுத்தும் உயர்ந்த அடுக்கின் விலையைத் தராது. அதிகமாகப் போட்ட 1,20,000 ரூபாய் மிக மெதுவாகவே வீடு திரும்பும். நாளை மின்சாரக் கார் வாங்கும் எண்ணம் இருந்தால் அது வேறு. இல்லையேல் தேவைக்குமேல் வாங்குவது சிக்கனம் ஆகாது.

மறுபுறம், மிகக் குறைவாகச் செலவிடும் வீட்டுக்கும் அவசரம் வேண்டியதில்லை. டில்லியில் 2019-இல் தொடங்கிய சலுகையின்படி மாதம் 200 யூனிட்டுக்குள் செலவிடும் வீட்டுக்குக் கட்டணமில்லை. 400 வரை பாதிச் சலுகை. உங்கள் பட்டியலில் அச்சலுகை கழிக்கப்பட்டிருந்தால், சூரியத் தகடு மிச்சப்படுத்த அங்கே அதிகம் இல்லை. அத்தகைய வீட்டார் 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிகளை மாற்றி, 30 வாட்டளவில் ஓடும் புதியனவற்றைப் பொருத்துவதே முதற்செலவாக இருக்கட்டும்.

மின்சாரம் நின்றால் விளக்கு எரியுமா?

இந்த இடத்தில்தான் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். மாடியில் தகடு இருக்கிறது, நடுப்பகல் வெயில் காய்கிறது, ஆனால் தெருவில் மின்சாரம் நின்றதும் வீட்டிலும் நின்றுவிடுகிறது. இது பழுது அன்று. பாட்டரி இல்லாமல் தெருக் கம்பியோடு இணைந்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் தானும் நின்றுவிடும்படியே செய்யப்பட்டிருக்கிறது. நின்றிராவிட்டால் நம் கூரை மின்சாரம் கம்பிக்குள் பாய்ந்து, கம்பத்தின்மேல் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிருக்கே உலையாகும்.

ஆகவே அமைப்பு மூன்று வகை. கம்பியோடு மட்டும் இணைந்தது ஒன்று, விலை குறைவு. பகலில் மிஞ்சுவது கம்பெனிக்குப் போகிறது. இரவில் கம்பெனியிடமிருந்து எடுக்கிறோம். மீட்டர் இரண்டையும் கழித்துக் கணக்கிடுகிறது. இதற்கு நெட் மீட்டரிங் என்று பெயர். பாட்டரியோடு தனித்து நிற்பது இரண்டாவது. கம்பி எட்டாத இடங்களுக்கே அது ஏற்றது. இத்திட்டத்தின் உதவித்தொகையும் அதற்குக் கிடையாது. இரண்டும் கலந்தது மூன்றாவது. அதில் பாட்டரியின் விலை முழுவதும் நம் தலையில்தான்.

பாட்டரி வாங்குமுன் அதன் கொள்ளளவைப் பார்க்க வேண்டும். வீடுகளில் வழக்கமாக வைத்திருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி முழுதும் நிறைந்திருந்தால் 1.8 யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் கேட்கும். ஒரு மணி நேரம் கூட நிம்மதியாக ஓடாது. விசிறிகளுக்கும் விளக்குகளுக்கும் மட்டும் என்றால் நாலைந்து மணி நேரம் தாங்கும். மின்வெட்டு அருகியிருக்கும் பகுதியில் குடியிருப்பவர்கள், வீட்டிலுள்ள பழைய இன்வெர்ட்டரையே வெட்டு நேரத்துக்கு வைத்துக்கொண்டு, கூரைக்குப் பாட்டரியில்லா அமைப்பை வாங்குவது போதுமானது. நோயாளிக்கு மூச்சுக் கருவி ஓடவேண்டிய வீடு என்றால் பாட்டரிச் செலவைச் செலவென்று பார்க்கலாகாது.

வடக்கே வந்த நிழல்

ஊரில் அண்ணனோ தம்பியோ பொருத்தியிருப்பதைப் பார்த்து அப்படியே இங்கும் செய்யச் சொல்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. டில்லி ஏறக்குறைய 28½ பாகையில் இருக்கிறது. சென்னையில் தகட்டைச் சற்றே சாய்த்தால் போதும். இங்கே தெற்கு நோக்கி 25 பாகை அளவுக்குச் சாய்ப்பது நலம். நிழலும் இங்கே நீளம். டிசம்பர் கடைசியில், நடுப்பகலில், ஆறடி உயரத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் சென்னையில் நாலரை அடிக்குள் அடங்கும். டில்லியில் ஏழரை அடியைத் தாண்டும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால் ஒன்றின்மேல் விழும் நிழல் மற்றவற்றின் விளைச்சலையும் குறைக்கக்கூடும். எனவே இடம் பார்க்க வருபவர் கோடையில் வந்தாலும், குளிர்கால நிழலைக் கணக்கிட்டுச் சொன்னாரா என்று கேளுங்கள்.

வெயில் மிகுந்தால் மின்சாரம் மிகும் என்பதும் முழு உண்மை அன்று. தகட்டின் அளவு 25 பாகை செல்சியஸில் கணிக்கப்பட்டது. மே மாதத்து நடுப்பகலில் தகடு 65 பாகைவரை காயலாம். பாகை ஒன்றுக்கு நூற்றில் 0.35 பங்கு குறைந்தால், நூற்றுக்குப் பதினான்கு பங்கு அங்கேயே போய்விடும். காற்று உலாவும்படி தளத்திலிருந்து உயர்த்திப் பொருத்துவது இதற்காகவே. ஆனால் உயர்த்தினால் ‘ஆந்தி’ என்னும் புழுதிக்காற்றையும் அது தாங்க வேண்டும். சட்டம் துத்தநாகம் பூசிய கனத்த இரும்பாக இருக்கட்டும். தளத்தில் துளையிட்டால் மழைநீர் கசியும். அதை அடைத்துத் தரும் பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தகட்டில் படியும் தூசியை வாரத்துக்கு ஒரு முறையேனும் வெயில் ஏறுமுன் கழுவ வேண்டும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரைக் கொட்டலாகாது.

கூரை யாருடையது?

நம்மவரில் தனி வீட்டுக்காரர்கள் சிலரே. பெரும்பாலோர் அடுக்குமாடியில் வாழ்கிறோம். தனித்தனி மாடியாக விற்கப்பட்ட கட்டடங்களில் மொட்டைமாடி உரிமை யாருக்கு என்பது விற்பனைப் பத்திரத்தில் எழுதியிருக்கும். பத்திரத்தைப் பாராமல் முன்பணம் கொடுப்பது அண்டை வீட்டாரோடு பகை வாங்குவதற்குச் சமம்.

கூட்டுறவுக் குடியிருப்புகளில் மாடி எல்லோருக்கும் பொது. அங்கே இரண்டு வழிகள் உண்டு. லிஃப்ட், தண்ணீர்ப் பம்பு, பொது விளக்குகள் ஆகியவற்றுக்காகச் சங்கமே தகடு பொருத்தலாம். அதற்கு மத்திய அரசு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் தருகிறது. எல்லோருடைய பராமரிப்புத் தொகையும் குறையும். மற்றொன்று, டில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வழிவகுத்த ‘வர்ச்சுவல் நெட் மீட்டரிங்’. ஓரிடத்தில் பொதுவாகத் தகடு பொருத்தி, விளைந்த யூனிட்டுகளைப் பங்காளிகளின் பட்டியல்களில் பேசிய விகிதப்படி கழித்துக்கொள்வது. எல்லோரும் ஒரே மின்சாரக் கம்பெனியின் எல்லைக்குள் இருக்க வேண்டும். தனி ஒருவரால் ஆகாதது இங்கே நால்வர் சேர்ந்தால் ஆகும். பொதுக்குழுவில் நம்மவர் வாயடைத்து உட்கார்ந்திருக்காமல் இதை எடுத்துப் பேசலாம்.

ஊரிலுள்ள வீட்டைப் பற்றி

ஊரில் சொந்த மாடி இருக்கிறதே, அங்கே வைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தாய் தந்தையர் அங்கே வாழ்ந்து, நல்ல அளவு மின்சாரம் செலவாகும் வீடு என்றால் செய்யலாம். ஆனால் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இரண்டு முதியவர் மட்டும் இருக்கும் வீட்டில் மிச்சப்படுத்த எஞ்சுவது சொற்பம். பூட்டிக் கிடக்கும் வீட்டிலோ தூசி துடைக்கவும் ஆள் இல்லை, மின்சாரத்தைச் செலவிடவும் ஆள் இல்லை. அந்த வீட்டில் விளைவதை இங்குள்ள நம் பட்டியலில் கழிக்கவும் வழியில்லை.

இன்னொரு முட்டுக்கட்டையும் அங்கே உண்டு. விண்ணப்பம் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் செல்லும். எத்தனையோ வீடுகளில் அது காலமான தந்தையார் பெயரிலோ பாட்டனார் பெயரிலோ இன்னும் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, தகடு வைத்தாலும் வைக்காவிட்டாலும், உடன்பிறந்தாரோடு கலந்து அந்தப் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு வாருங்கள்.

பணம் கொடுக்குமுன்

விண்ணப்பத்தைத் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் நாமே பதிவு செய்யலாம். அங்கே பதிவுபெற்ற விற்பனையாளரிடம்தான் வாங்க வேண்டும். மூவரிடமாவது விலை கேளுங்கள். தகடும் அதனுள்ளிருக்கும் செல்லும் இந்தியாவில் செய்தவையாக இருந்தால்தான் உதவித்தொகை உண்டு. ஐந்தாண்டுப் பராமரிப்பு விற்பனையாளரின் கடமை. தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். தகட்டுக்கும் வீட்டு மின்பக்கத்துக்கும் இடிதாங்கிக்கும் தனித்தனியே நிலத்தொடர்பு அமைத்தாரா என்று பாருங்கள். உதவித்தொகை, வேலை முடிந்து மீட்டர் மாற்றப்பட்ட பின்னர், நம் வங்கிக் கணக்குக்கே வருகிறது. எனவே முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுத்துவிடாமல், வேலை நடக்க நடக்கப் பிரித்துக் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். புதிய மீட்டர் வருமுன் அமைப்பை ஓட்டிப் பார்க்கவும் கூடாது. பழைய மீட்டர் சில, நாம் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் நாம் செலவிட்டதாகவே எண்ணிவிடும்.

ஓய்வு பெற்றவர்கள் வருங்கால வைப்புநிதிப் பணத்திலிருந்து எடுத்து இதில் போடுவதாக இருந்தால், மருத்துவத்துக்கென்று வைத்த தொகையைத் தொடாமல் இருக்க வேண்டும். 3 கிலோவாட் வரையில் ஈடில்லாமல் வங்கிகள் கடன் தருகின்றன. மாதத் தவணையையும் மிச்சமாகும் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் எது நல்லது என்பது விளங்கிவிடும்.

நம் அன்பர்களில் சிலர் முன்னரே பொருத்தியிருப்பார்கள். அவர்கள் தங்கள் ஓராண்டு விளைச்சலையும் பட்டியலையும் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து மற்றவர்களுக்குக் காட்டினால், விற்பவரின் விளம்பரத்தைக் காட்டிலும் அது பத்து மடங்கு பயன்படும். பட்டியல்களை எடுத்துக் கூட்டும் வேலையை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.