புத்தாண்டும் குறிக்கோளும்

ஆண்டு பிறக்குந்தோறும் மாந்தர் நெஞ்சில் ஒரு புத்தூக்கம் பிறத்தல் இயல்பு. சென்ற ஆண்டிற் செய்யாதொழிந்தவற்றை வரும் ஆண்டிற் செய்து முடிப்போமென உறுதி பூணுதலும், அவ்வுறுதியை நாட்குறிப்பின் முதற் பக்கத்தில் அழகுற எழுதிவைத்தலும் மாணவரிடைப் பெருவழக்காக உள்ளன. தை மாதம் கழியுமுன்னரே அக்குறிப்பேட்டின் ஏனைய பக்கங்கள் வெற்றுத்தாளாய்க் கிடத்தலும் அங்ஙனமே பெருவழக்காகும். இதற்குக் காரணம் சோம்பலே என்பர் பலர். சோம்பலினும் முற்பட்டதொரு காரணம் உண்டென்பது என் கருத்து. நாம் குறிக்கோளாகக் கொள்பவற்றுட் பல நம் கையில் உள்ளன அல்ல என்பதே அது.

‘முதல் வகுப்பில் தேறுவேன்’, ‘நல்ல உத்தியோகம் பெறுவேன்’, ‘பலரும் போற்ற வாழ்வேன்’ என்னும் இவற்றைச் சற்றே ஆராய்ந்து பார்ப்போம். முதல் வகுப்பை அளிப்பவர் தேர்வாளர். உத்தியோகத்தை அளிப்பவர் அதற்குரிய அதிகாரிகள். புகழை அளிப்பது உலகம். பிறர் கொடுத்தாலன்றி வாராதவற்றை நம் தீர்மானமாக எழுதிவைத்தல், அண்டை வீட்டாரின் வயல் விளைவை நம் கணக்கிற் பதிந்துகொள்ளுதல் போலாம். இவை விழைவுகள், குறிக்கோள்கள் ஆகா. விழைவு வேறு, வினை வேறு. நாளும் நம்மாற் செய்தற்குரிய வினையாக எது மாறுகின்றதோ, அதுவே குறிக்கோளென்னும் பெயர்க்கு உரியது.

தொழில்பற்றிய குறிக்கோளுக்கு நம் மொழி வரலாற்றிலேயே சிறந்ததோர் எடுத்துக்காட்டு உளது. 1880-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே அந்நகரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், அவர் சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டோ என வினவினார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளும் நிரம்பக் கற்றிருந்த ஐயர், அப்பெருநூலைக் கற்றிலர். அன்று அவர்முன் வந்து நின்றது பட்டமும் அன்று, பதவியும் அன்று, ஒரு நூலே. கல்லூரியிற் பாடஞ் சொல்லிக்கொண்டே ஏடுகளைத் தேடித் தொகுத்தார்; ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார்; விளங்காத சமயக் கருத்துக்களைச் சைன நண்பர்பாற் கேட்டுத் தெளிந்தார். ஏழாண்டு கழித்து 1887-இற் சிந்தாமணி அச்சேறியது. 1889-இற் பத்துப்பாட்டும், 1892-இற் சிலப்பதிகாரமும், 1894-இற் புறநானூறும் அதனைத் தொடர்ந்தன. ‘மகாமகோபாத்தியாயர்’ என்னும் பட்டம் 1906-இலேதான் வந்தது. பணி முன்னே சென்றது. பரிசு 26 ஆண்டு பின்னே வந்தது.

ஒழுக்கம்பற்றிய குறிக்கோளுக்கு அமெரிக்க நாட்டுப் பெஞ்சமின் பிராங்கிளின் கையாண்ட முறையைக் கூறலாம். அச்சுத் தொழிலாளராக வாழ்வு தொடங்கிய அவர், மிதவுணவு, அளவான பேச்சு, ஒழுங்கு முதலிய 13 நற்பண்புகளைத் தேர்ந்து ஒரு சிற்றேட்டிற் குறித்துக்கொண்டார். வாரத்திற்கு ஒன்றாக அவற்றுள் ஒவ்வொன்றின்மீதும் சிறப்பாகக் கருத்தைச் செலுத்தி, தவறிய நாளில் ஏட்டிற் கரும்புள்ளி இட்டுவந்தார். 13 வாரத்தில் ஒரு சுற்று. ஓராண்டில் நான்கு சுற்று. நிறைவெய்தக் கூடவில்லை எனினும், முயன்றமையால் முன்னினும் நல்லவனும் மகிழ்ச்சியுடையவனும் ஆயினேன் என்னும் கருத்தை அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். ‘நல்லவனாவேன்’ என்னும் பரந்த விழைவை ‘இவ்வாரம் இது’ என்னும் சிறு வினையாகச் சுருக்கிக்கொண்டதே அம்முறையின் சிறப்பு.

நாமும் இவ்வாறு கணக்கிட்டுக் காண்போமாக. ‘தமிழிற் புலமை பெறுவேன்’ என்பது விழைவு. திருக்குறளின் 1330 பாக்களை நாளொன்றுக்கு 4 வீதம் உரையுடன் கற்பேன் என்பது குறிக்கோள். இவ்வாறு கற்பின் 333 நாளில் நூல் முற்றும். எஞ்சும் 32 நாள் நோய்க்கும் பயணத்திற்கும் திருநாட்களுக்கும் ஆகும். ஆசிரியராக விழைவோர் வாரந்தோறும் ஒரு மாலைப்பொழுது அண்டையிலுள்ள சிறார்க்குப் பாடஞ் சொல்லலாம். வழக்கறிஞராக விழைவோர் வாரத்திற்கு ஒரு பொருள்பற்றி இருபக்க வாதங்களையும் எழுதிப் பழகலாம். எவருடைய ஆணைக்கும் இவை காத்திருப்பன அல்ல.

‘வறிய இல்லத்து மாணவன் உத்தியோகத்தை எண்ணாதிருத்தல் கூடுமோ? கடன்பட்டுப் படிக்கவைத்த பெற்றோர் அவன் ஊதியத்தையன்றோ எதிர்நோக்கியிருப்பர்?’ எனச் சிலர் வினவலாம். தக்க வினாவே. உத்தியோகத்தை நாடுதல் குற்றமன்று, நாடுதல் கடமையுமாம். ஆயின், அதனையே ஒரே குறிக்கோளாகக் கொண்டவன், அது கிட்டாத ஆண்டின் இறுதியில் வெறுங்கையனாய் நிற்கின்றான். நாள்வினையைக் குறிக்கோளாகக் கொண்டவனோ, உத்தியோகம் கிட்டாவிடினும் கற்ற கல்வியும் கைவந்த திறமையும் உடையவனாய் நிற்கின்றான். அடுத்த வாயில் திறக்குங்கால் உட்புகுதற்கு ஆயத்தமாகவும் இருக்கின்றான். ஆதலின் வறியவர்க்கே இம்முறை பெரிதும் வேண்டற்பாலது.

இனி, இதனைத் தொடங்குதற்கு ஜனவரி முதல் நாளே வேண்டுமென்பதும் இல்லை. இங்கிலாந்திலேயே 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச்சு 25-இல். 1752 முதலே ஜனவரி முதல் நாள் அப்பெருமை பெற்றது. தமிழர்க்கோ சித்திரையில் ஓர் ஆண்டு பிறக்கின்றது. நாளுக்கெனத் தனியாற்றல் யாதும் இல்லை. தொடங்குவானது உறுதியே அந்நாளைச் சிறப்பிக்கின்றது.

நண்பர்காள்! இவ்வாண்டு நீவிர் எழுதிவைத்துள்ள ஒவ்வொரு தீர்மானத்தையும் நோக்கி, ‘இதன்பொருட்டு நாளைக் காலையில் யான் செய்யற்பாலது யாது?’ என்று வினவுமின். விடை கிடைப்பின் அதனை வைத்துக்கொள்ளுமின். விடை கிடையாதாயின், அதனை அடித்துவிட்டு, விடையுள்ளதொன்றை அவ்விடத்தில் எழுதுமின்.